பதினோராவது பாட்டும் மூன்று புரோகிராமும்

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி வந்தது. தஞ்சாவூரில் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் மூன்று வாரம் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுவென்றுகூடப் பேசக் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பேசாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமில்லை. எங்கள் வீட்டில் பேசுகிறவள் நான்தான். பாடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

எங்கள் பெரியவளுக்கு இரண்டு தடவை கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவது தடவை ஐந்தாம் மாசம் நடக்கும்போது இவர் ஒரு வேண்டுதல் எடுத்தார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு பதிகத்தை முழுசாகப் பாடுவது. (சுவாமி கைவிடவில்லை. அந்தப் பேத்தி இப்போது ஏழாம் வகுப்பு.) பதிகத்தில் பதினோரு பாட்டு. பத்துப் பாட்டு சுவாமியைச் சொல்லும். பதினோராவது, இதைப் பாடினவர்களுக்கு என்ன பலன் என்று சொல்லும். அதைப் பாடாமல் எழுந்திருப்பது, மனு எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் கொடுப்பது மாதிரி.

அந்த மண்டலத்தில் இருபது நாள் பாடியிருந்தபோதுதான் இந்தக் கட்டியை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன். புதன்கிழமை வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கும் வாசித்தேன். முடித்ததும் சின்னவளின் நோட்டை இழுத்து எழுதினார்: "பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கு. பண்ணோட பாடணும்."

"எனக்குப் பண் தெரியாதுங்களே" என்றேன். அவர் பாடுகிற நேரம் நான் அடுப்படியில் இருப்பேன், அரைகுறையாகத்தான் காதில் விழும்.

கீழே எழுதினார்: "வெள்ளிக்கிழமை நானே பாடுறேன்."

அவர் விளையாட்டுக்கு எழுதுகிறவர் இல்லை. ஒன்று நினைத்தால் நினைத்ததுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தப் பண் எனக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் இவர் குரல் போய்விடும். இரண்டு நாள் இருந்தது. எனக்கு அப்போதும் பயம் வரவில்லை. பத்து வயசிலிருந்து நடவு நட்டவள் நான். ஒருத்தி முன்னே பாட, வரப்பு வருவதற்குள் அந்த மெட்டைப் பிடித்துவிடுவேன். யாராவது பாடிக் காட்டினால் போதும்.

குத்தாலத்தில் கேசட் கடையில் கேட்டேன். "அந்தப் பதிகத்த யாரும் கேக்கறதில்லீங்கம்மா" என்று கடைக்காரர் வேறு எதையோ எடுத்து நீட்டினார். இன்றைக்குப் போல போனில் தட்டினால் பாட்டு வருகிற காலமில்லை அது. சின்னவள் அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். படிப்புக்காக ஒரு பழைய கம்ப்யூட்டரும், டெலிபோன் லைனில் நெட்டும் வைத்திருந்தாள்.

"நெட்ல எடுக்கலாம்மா. அதுக்குன்னு புரோகிராம் இருக்கு. ஒருத்தவங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பாட்ட நாம எடுத்துக்கலாம், நம்மகிட்ட இருக்கறத அவங்க எடுத்துக்குவாங்க."

"அவங்க ஒத்துக்கணும்ல?"

"ஒத்துக்கிட்டுத்தான் திறந்து வச்சிருக்காங்க."

மூன்று புரோகிராம் தெரியும் என்றாள். பெயரெல்லாம் என் வாயில் நுழையவில்லை. திரையில் இருந்த படத்தை வைத்து நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒன்று தவளை, ஒன்று பட்டம், ஒன்று கூடை. அவளுக்குத் தவளைதான் பிடிக்கும். சிநேகிதிகள் எல்லாரும் அதில்தான் சினிமாப் பாட்டு எடுத்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் தவளையைத் திறந்தாள். பதிகத்தின் முதல் அடியை அடித்ததும் ஒரு பட்டியலே வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். முதல் பாட்டு இறங்கியதும் விளக்கை ஏற்றி, இவரும் நானும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றோம். போட்டால் தாரை தப்பட்டையோடு ஒரு குத்துப்பாட்டு. யாரோ பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். சின்னவள் பாய்ந்து வந்து நிறுத்தினாள். கண்ணைத் திறந்து பார்த்தால் இவர் தோள் குலுங்கச் சிரிக்கிறார். "சிரிக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு" என்று அதட்டினேன்.

இரண்டாவது, பதிகம்தான். ஆனால் கீபோர்டும் டிரம்மும் வைத்து ஓட ஓட விரட்டியிருந்தார்கள். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆனாலும் சாமி பாட்டைப் பாதியில் நிறுத்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பதினொன்றையும் நின்று கேட்டு முடித்தோம். அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பத்து செகண்ட் கேட்டாத் தெரிஞ்சுடும்மா. இப்படி ஒவ்வொண்ணா நின்னு கேட்டா எப்ப முடியறது?"

மூன்றாவதைப் போட்டதும் இவர் கையை உயர்த்தினார். அதுதான் பண். ஏதோ கோயிலில் ஒருவர் பாடியதைக் கூட்டத்தில் உட்கார்ந்து பிடித்திருக்கிறார்கள், நடுவில் மணிச் சத்தம்கூடக் கேட்டது. நான் இரண்டாம் பாட்டிலேயே கூட முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்பதாம் பாட்டின் நடுவில் நூல் அறுந்த மாதிரி நின்றுவிட்டது.

"அனுப்பினவங்க கம்ப்யூட்டர அமத்திட்டாங்கம்மா. தவளைல அப்படித்தான். வந்த வரைக்கும் வரும்."

பட்டத்தைத் திறந்தாள். அது நாலு பேரிடமிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்க்குமாம். பார்க்க எனக்கு நம்பிக்கையாக இருந்தது. மத்தியானம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று காட்டியது. விளக்கு வைக்கிற நேரத்திலும் அதே தொண்ணூற்றேழு. மிச்சத் துண்டு யாரிடமும் இல்லை என்றாள்.

"தொண்ணூத்தேழு வந்துருச்சேம்மா. போதாதா?"

"பலன் சொல்றதே அந்தக் கடைசி மூணுலதாண்டி இருக்கு. அத மட்டும் உங்கப்பா மேல எடுத்து முடிப்பாரு, அது எப்படின்னு கேக்கணும்."

அன்றைக்கும் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன். இவர் முகம் கொடுக்கவில்லை. முடிந்ததும் நோட்டில் எழுதினார்: "இது யாருகிட்டேருந்து வருது?"

"தெரியாதுப்பா. யாரோ" என்றாள் சின்னவள்.

கீழே எழுதினார்: "யாருன்னு தெரியாம எப்படிப் போய்க் கேக்குறது?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்து மடையைத் திருப்பினால் எங்களுக்குத் தண்ணீர் வராது. சண்டையெல்லாம் போட மாட்டோம். வரப்போடு மேலே நடந்துபோய், "அண்ணே, நாத்து வாடுது, செத்த நேரம் அடைக்காம இருங்க" என்று கேட்போம். கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் கிடையாது. ஆனால் யார் வயல் என்று தெரிந்தால்தானே போய்க் கேட்க முடியும்? தவளையிலும் பட்டத்திலும் தண்ணீர் வேகமாகத்தான் வந்தது, யார் வயலிலிருந்து என்றுதான் தெரியவில்லை.

"யாருன்னு காட்டற புரோகிராம் கிடையாதா?"

"கூடைல காட்டும், அவங்களுக்கு எழுதவும் செய்யலாம். ஆனா ரொம்ப ஸ்லோம்மா. வரிசைல வேற நிக்கணும். யாரும் அத வச்சுக்கறதில்ல."

"நிப்போம். ரேஷன் கடைல நிக்கலயா?"

வெள்ளிக்கிழமை சின்னவளைக் காலேஜுக்குப் போக வேண்டாமென்று நிறுத்திவிட்டேன். கூடையில் அந்தக் கோயில் பாட்டு ஒரே ஒருவரிடம் முழுசாக இருந்தது. எங்களுக்கு முன்னால் மூன்று பேர். பத்து மணிக்கு எங்கள் முறை வந்தது, கால்வாசி இறங்கியது, அந்த ஆள் காணாமல் போய்விட்டார். நாலு மணிக்குத் திரும்ப வந்தார். விட்ட இடத்திலிருந்து மறுபடி இறங்க ஆரம்பித்தது, ஆமை மாதிரி. இவர் அதற்குள் குளித்து, விபூதி பூசி, கூடத்தில் பலகையைப் போட்டுவிட்டார்.

"அவங்களுக்கு எழுது" என்றேன்.

"என்னன்னு எழுத? பேருக்குப் பதிலா வெறும் எழுத்தும் நம்பரும் இருக்கு."

"ஐயான்னு போடு. அம்மாவா இருந்தாலும் கோவிச்சுக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டைல ஆபரேஷன், மண்டலம் நடுவுல நிக்குது, பதினோராவது பாட்டு வர்ற வரைக்கும் தயவுசெஞ்சு அமத்தாதீங்கன்னு எழுது."

"இதெல்லாமா எழுதறது? மானம் போகுதும்மா."

"போனா போகட்டும். எழுதுடி."

இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி பதில் வந்தது. படித்துக் காட்டினாள்: "கடைக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். அமத்தாமலே போறேன். மத்தவங்கள நிறுத்தி வச்சிட்டேன், உங்களுக்கு மட்டும்தான் போகுது." அதற்கு அடியில் இன்னொரு வரி: "அவரைப் பாட விடாதீங்க."

எந்த ஊர், ஆணா பெண்ணா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். ஐந்தேகாலுக்கெல்லாம் பாட்டு வந்துவிட்டது. பதினோராவது பாட்டு, அதற்குப் பிறகு தீபாராதனை மணி, கூட்டம் எழுந்திருக்கிற சத்தம்வரை இருந்தது. ஒரு தரம் முழுசாகக் கேட்டேன், ஐந்தாம் பாட்டு வரை இன்னொரு தரம். அதற்குமேல் நேரமில்லை.

விளக்கை ஏற்றிவிட்டு, இவர் உட்காருவதற்கு முன்னால் பலகையில் நான் போய் உட்கார்ந்தேன். பாடப் போகிறவருக்குத்தான் பலகை. இவர் நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"வாயத் திறந்தீங்க, புத்தகத்த மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் மண்டலம் நின்னது உங்களாலதான்."

தரையில் உட்கார்ந்தார். சின்னவள் பாட்டைப் போட்டாள். அந்தக் கோயிலில் பாடியவர் முன்னே பாட நான் பின்னே பாடினேன், நடவில் பாடுகிற மாதிரியே. ஏழாம் பாட்டில் இழுப்பு தப்பியது. இவர் தரையைத் தட்டினார். மறுபடி பிடித்துக்கொண்டேன். பதினோராம் பாட்டு முடிந்து கற்பூரம் காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட வந்தார். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

அதற்கப்புறம் தினமும் நான்தான். ஒரு வாரத்தில் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. சின்னவள் கூடையை எடுத்துவிடப் பார்த்தாள், வேகம் குறைகிறதாம். தவளையோ பட்டமோ உனக்கு எது வேண்டுமோ வைத்துக்கொள், கூடையை மட்டும் எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். நாமும் திறந்து வைக்க வேண்டுமல்லவா? அந்த மாசத்தில் நாலு பேர் எங்களிடமிருந்து அந்தப் பதிகத்தை எடுத்தார்கள். ஒருத்தர் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளைக் கம்ப்யூட்டரை அமர்த்த விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே படிக்கப் போனாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் தஞ்சாவூருக்குப் போனோம். டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, ஆறிவிட்டது, மெதுவாகப் பேசலாம், தாழ்ந்த குரலில் பாடலாம் என்றார். பஸ் பிடித்துச் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்தோம். விளக்கு வைத்துவிட்டுப் பலகையில் உட்காரப் போனேன்.

"நகரு" என்றார். குரல் கரகரவென்று இருந்தது, ஆனால் அவர் குரல்தான். "நடவுக்கு ஆள் விரட்டற மாதிரி பாடற. சாமி எங்க ஓடிடப் போறாரு?"

"இத்தன நாளா கேட்டீங்களே, அப்பவே எழுதிக் காட்டறது?"

"எழுதினா நிறுத்திருவ."

நகர்ந்துகொண்டேன். தாழ்ந்த குரலில், ஒவ்வொரு அடியாக நிறுத்தி நிறுத்திப் பாடினார். பதினோராவது பாட்டில் மேலே போக வேண்டிய இடத்தில் போகவில்லை, கீழேயே சொல்லி முடித்தார். எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். எடுத்துக் கொடுக்கலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. பேசாமல் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.