நானூற்றுப் பன்னிரண்டு லோரிகள்

1. கண்ணாடிப் பெட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராக ஒரு மேஜை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேஜையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பன்னிரண்டு மாடிக் கட்டடம். கீழே மார்க்கெட்டும் கடைகளும், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள். வாசலில் பட்டாணி அளவில் கார்கள். இது எங்கே வரப்போகிறது என்று கேட்டேன். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்கு நடுவில் என்றார் இன்ஜினியர் செல்வநாதன்.

அது என் ஊர். நான் பிறந்த தோட்டம் அங்கிருந்து நாலு மைல். அந்த ஊரில் அன்றைக்கு மாடிப்படி ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால் காப்பிக்கடைக்குத்தான் போக வேண்டும். நான் வாயைப் பிளந்துகொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் முற்பாதி அது. கோலாலம்பூரில் எங்களுடையது போக்குவரத்து ஆய்வு செய்யும் ஆபீஸ். பெரிய கட்டடம் ஒன்று வருமுன், அந்த இடத்தில் எவ்வளவு வண்டி ஓடுகிறது, சாலை தாங்குமா, எத்தனை லேன் வேண்டும் என்று நாங்கள் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி தோட்டம், மறுபடி ரப்பர் பால் மரம். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான். அந்த வேலையை விடுவதாக இல்லை.

2. சர்வே

தோட்டங்களில் சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஆட்களெல்லாம் சாமான் வாங்க டவுனுக்கு வரும் நாளில், என்னை அங்கே சர்வேக்கு அனுப்பினார்கள். காப்பிக்கடை மாடியில் நாற்காலி, கையில் அட்டை, அட்டையில் படிவம். கார், மோட்டார் சைக்கிள், பஸ், லோரி என்று நாலு கட்டங்கள். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எண்ண வேண்டும்.

இங்கேதான் என் புத்தி தோட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுப்பதுதான் பெரட்டு. தூரத்து ரப்பர் காட்டுக்கு லோரியில் போகிறவர்கள் தனியாக நிற்பார்கள். கணக்கெழுதும் கிராணி புத்தகத்தைத் திறந்துகொண்டு, "லோரி எத்தன?" என்பார். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த என் அப்பா, "நாப்பத்தொண்ணு" என்பார். நிற்பது ஒரே லோரிதான், அதில் நாற்பத்தொரு பேர். பத்து வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு லோரி எத்தனை என்றால் எத்தனை பேர் என்றுதான் அர்த்தம். காருக்குக் கார், பஸ்ஸுக்குப் பஸ் சரியாகத்தான் எண்ணினேன். லோரி வந்ததும் இறங்கிய தலைகளை எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

செல்வநாதன் சார் கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். செம்பனை லோரியும் மணல் லோரியும் அப்படி ஓடுகிறதாக்கும் என்று நினைத்துவிட்டார். பத்து நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, டவுனுக்குள் நாலு லேன் சாலையும் ஒரு மேம்பாலமும் வரைந்து ரிப்போர்ட்டைக் கட்டடத்தின் முதலாளியான தவுக்கேக்கு அனுப்பிவிட்டார். தவுக்கே ஆடிப்போனாராம். துறைமுகத்தில்கூட ஒரு மணி நேரத்தில் இத்தனை லோரி கிடையாதே, அடுத்த சம்பள ஞாயிறு நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

வரைபடத்தில் அந்த மேம்பாலத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. சொன்னால் வேலை போய்விடும். மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்த ஞாயிறு காலை, காரில் ரவாங்கைத் தாண்டும்போது சொல்லிவிட்டேன்.

சார் காரைச் சாலையோரம் நிறுத்தினார்.

"மொத்தம் எத்தன லோரி?"

"பதினொண்ணு சார்."

"எங்க கணக்குல ஒரு லோரி ரெண்டு காருக்குச் சமம். பதினொரு லோரின்னா இருபத்திரண்டு கார். அதுக்கா பாலம் போட்டேன்? எம் பேரு போச்சு லா. நீயே தவுக்கேகிட்ட சொல்லு. சொல்லிட்டு நாளைலருந்து வர வேணாம்."

3. காப்பிக்கடை மாடி

தவுக்கே எங்களுக்கு முன்பே வந்து மாடியில் நின்றிருந்தார். சாதாரண அரைக்கைச் சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர். கட்டடம் வரப்போகும் காலித் திடல் நேர் கீழே இருந்தது. போகப்போகிற வேலைதானே என்று நானும் மலாயில் நேராகச் சொல்லிவிட்டேன். லோரி பதினொன்றுதான், நானூற்றுப் பன்னிரண்டு என்பது ஆட்கள், தப்பு என்னுடையது, சாருடையது அல்ல என்றேன். அவர் பதில் சொல்லுமுன் முதல் லோரி திடலுக்குள் திரும்பியது.

பின்பலகையைத் திறந்தார்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். கைக்குழந்தைகளை மேலிருந்து ஒருத்தி கொடுக்க, கீழிருந்து ஒருத்தி வாங்கினாள். கூடைகள் இறங்கின, கிழவர்கள் இறங்கினார்கள். அந்த லோரி காலியாகுமுன் அடுத்தது, அதன் பின்னால் இன்னும் இரண்டு. போன மாதம் தலை தலையாக எண்ணியதில் நான் எதையும் பார்த்திருக்கவில்லை. அன்று கையில் அட்டை இல்லை, சும்மா பார்த்தேன். நாங்கள் இவ்வளவு பேரா? திடல் நிறைந்து, சாலை நிறைந்து, கடைகளின் ஐந்தடி நடைபாதை நிறைந்து, இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். நாலாவது லோரியில் என் அம்மா இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் கலந்தார். என்னை அவர் பார்க்கவில்லை.

தவுக்கே கம்பியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் இங்க கட்டிடம் கட்டிட்டா இவங்கள்லாம் எங்க இறங்குவாங்க?"

பிளானில் அதற்கு இடமில்லை என்றேன். அவர் செல்வநாதன் சாரைப் பார்த்து, பாலம் வேண்டாம், இவர்களுக்கு இடம் போட்டு வரைந்து கொண்டுவா, இந்தப் பெண்ணையும் கூட வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் நான் போகவா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி ஆபீசுக்குப் போனேன். என் மேஜையில் புதிதாக டைப் அடித்த படிவம் இருந்தது. லோரி கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஆள்' என்று ஐந்தாவது கட்டம். மாதக் கடைசியில் நிரந்தரக் கடிதமும் வந்தது.

பன்னிரண்டு மாடி வரவில்லை. ஈயம் தோண்டிய பழைய லம்பத்து மண், துளைபோட்டுப் பார்த்தால் கீழே கஞ்சியாக இருந்தது. ஐந்து மாடியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் கீழ்த்தளத்தின் முன்பாதியைச் சுவரில்லாமல் திறந்து விட்டார்கள். லோரிகள் கூரைக்கடியில் வந்து நின்றன. மழை நாளிலும் பிள்ளைகள் நனையாமல் இறங்கினார்கள்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நான் செய்தது தப்புதான், அதைக் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம். எண்ணுவதற்கு முன்னால் எதை எண்ணச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தில் இடமில்லாத எதையாவது கண்டால் ஓரத்திலாவது எழுதி வையுங்கள். அன்று நான் சரியாக எண்ணியிருந்தால் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். பதினொரு லோரியும் கணக்கில் இருபத்திரண்டு காராகியிருக்கும், அதில் எங்கோ ஒன்றில் என் அம்மா மறைந்திருப்பார்.