நாலு நாட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர்

என் கணவர் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். எதைக் கொடுத்தாலும் எக்செல் ஷீட்டில் ஏற்றிவிடுவார். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். மகள் கல்யாணமாகிப் போனபின் சிட்லபாக்கம் வீட்டில் நாங்கள் இருவர்தான். போன வருஷம் ஒருநாள், "காலாண்டு லீவுல எங்கயாவது வெளிநாடு போலாமா?" என்று அவரே கேட்டார். யோசிக்காமல் நார்வே என்றேன். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் ஃபியோர்டை எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும்.

"அவ்ளோ தூரம் போய் ஒரே நாடா? டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து எல்லாம் பக்கத்துலதானே இருக்கு?" என்றார். காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கிற புத்தி. இருப்பது ஒரு வார லீவு.

ஷீட் தயாரானது. கடைசி வரியில் வந்த தொகையைப் பார்த்து மனிதருக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து வெட்ட ஆரம்பித்தார். முதலில் ஹோட்டலை வெட்டி, பொத்தேரியில் காலேஜ் பையன்கள் தங்குவதுபோல அடுக்குக் கட்டில் போட்ட ரூம் பார்த்தார். அடுத்து சாப்பாடு. ஒரு ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் இருந்தால் நாலு நாட்டையும் சமாளித்துவிடலாமாம். பிறகு, வானத்தில் பச்சையாக ஒளி ஆடுமே, அதைக் காட்டக் கூட்டிப்போகும் வண்டி.

"அது தெரியும்னு கேரண்டி இல்ல. கேரண்டி இல்லாததுக்கு எவனாவது காசு குடுப்பானா?"

ஷேர் மார்க்கெட்டில் போட்டதையெல்லாம் தொலைத்தவர் கேட்ட கேள்வி இது.

கடைசியாக ஃபியோர்டில் போகும் படகிலும் கைவைத்தார். "யூடியூப்ல ட்ரோன் வச்சு எடுத்திருக்கான், பாரு. நேர்ல போனா இவ்ளோ க்ளியராத் தெரியாது."

"அப்ப எதுக்குப் போறோம்?" என்றேன். அவர் ஷீட்டில் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தம்பதியை ஆலோசனைக்கென்று டிபனுக்கு அழைத்தார். ஐரோப்பாவைச் சல்லிசாகச் சுற்றிவந்தவர் என்று அந்த மனிதருக்குக் காலனியில் பெரிய பெயர். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து வகுப்பெடுத்தார். "சார், ஹோட்டல்ல காலை டிபன் ஃப்ரீ. முட்டை, பன்னு எல்லாத்தையும் டிஷ்யூல சுத்தி ஹேண்ட்பேக்ல போட்டுக்கணும். மத்தியானத்துக்கு அதான் சாப்பாடு." இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவர் பேசுகிற பேச்சு. என் கணவரோ பயபக்தியோடு அதைப் போனில் குறித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி எனக்கு உதவியாக அடுப்படிக்கு வந்தாள். "பாரிஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கென்னக்கா தெரியும்? அவர் ஊர் சுத்தப் போவார், நான் ரூம்ல சாதம் வைப்பேன். ஒரு ஆள் டிக்கெட் மிச்சம்னு சொல்வார். ஒருநாள் தாளிச்ச புகையில அலாரம் அடிச்சு, ஹோட்டலே வெளியில வந்து நின்னுச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தோசையைத் திருப்பிப் போட எனக்குக் கை வரவில்லை. கூடத்திலிருந்து இரண்டு ஆண்களின் சிரிப்புச் சத்தம் வேறு.

அவர்கள் கிளம்பிப் போனதும் லேப்டாப்பை மூடினேன்.

"நார்வே மட்டும். என் செலவு என் சம்பளத்துல. படகு உண்டு, குக்கர் கிடையாது. வர்றதா இருந்தா வாங்க."

"தனியாப் போயிடுவியா நீ?"

"நாப்பது பசங்களைக் கட்டி மேய்ச்சு ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறவ நான். எனக்கு என்னைக் கூட்டிட்டுப் போகத் தெரியாதா?"

சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்கும் டிக்கெட் எடுத்தார். கேட்டால், என் பாதுகாப்புக்காம்.

படகில் ஏறிய அன்று மழை. இருபுறமும் கறுத்த பாறைகள், உச்சி மேகத்துக்குள் மறைந்திருந்தது. எங்கிருந்து தொடங்குகிறது என்றே தெரியாத அருவிகள் நேராகக் கடலில் விழுந்தன. கரும்பலகையில் நான் வரைந்ததெல்லாம் வெறும் வளைந்த கோடு. எனக்குக் கண் கலங்கியது. மழையில் நின்றதால் யாருக்கும் தெரிந்திருக்காது. திரும்பிப் பார்த்தேன். அவர் குல்லாவைக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

கரை இறங்கியதும் கவுன்ட்டருக்குப் போய்விட்டு வந்தார்.

"நாளைக்கும் ஏறலாம். டிக்கெட் வாங்கிட்டேன்."

விலையை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் நல்ல வெயில். படகில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியைப் பிடித்துக்கொண்டு, ஃபியோர்டு எப்படி உண்டாகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். சிறு வயதிலிருந்தே இதைப் பார்க்க ஆசையாம் அவருக்கு. பாதி விவரம் தப்பு. திருத்தப் போனால் அந்தக் காலைப்பொழுதும் அவருக்கே போய்விடும். நான் படகின் மறுபக்கம் நடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. தண்ணீர் பச்சையாக, ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தது.