பீரோவுக்குள் என் படிப்பு

எங்கள் சிவில் துறையின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு, எனக்குப் பிழையில்லாமல் எழுத வரும் என்று துறைத் தலைவரான எச்.ஓ.டி. நம்பியதுதான் காரணம். துறையைத் தொடர்ந்து நடத்தலாமா என்று முடிவு செய்ய ஆய்வுக் குழு வரப்போகிறது, அவர்களுக்குக் கொடுக்கும் ஃபைலின் முதல் பத்துப் பக்கம் வரலாறாக இருக்க வேண்டும் என்றார். "நீங்க எழுதினாத்தான் மேடம் நல்லா வரும்" என்றார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தும் சரி என்றேன். எனக்கும் அவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் நான் தேறியிருந்தேன். சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். என் அசல்கள் என்னிடம் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நிர்வாக அலுவலகத்தின் பச்சை பீரோவில் இருந்தன.

தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேலையில் சேரும் நாளில், சரிபார்த்துவிட்டு ரெண்டு நாளில் தருகிறோம் என்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எல்லா அசல்களையும் வாங்கிக்கொள்வார்கள். அந்த ரெண்டு நாள் முடியவே முடியாது. வருஷத்தின் நடுவில் யாரும் வேலையை விட்டு ஓடிவிடக் கூடாதல்லவா! எல்லாரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். அதுகூடப் பரவாயில்லை. ஆறு வருஷம் கழித்து டாக்டர் பட்டம் வாங்கியபோது, யாரும் கேட்காமலேயே அந்தச் சான்றிதழையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். துறையின் ஃபைலில் ஒரு டாக்டர் கூடட்டும் என்ற பெருமை. சால்வை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வரலாற்றை நான் பெரும்பாலும் பஸ்ஸில்தான் எழுதினேன். ஸ்ரீரங்கத்தில் கல்லூரி பஸ் ஏறினால் காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். துறைக்கு முதலில் இருந்தது ஒரு தகரக் கொட்டகை, கான்கிரீட் கட்டியை அழுத்தி உடைத்துப் பார்க்கும் ஒரே ஒரு மெஷின், முப்பது மாணவர்கள். பிறகு கட்டடம் வந்தது, ரெண்டு செக்ஷன் ஆனது, திருவெள்ளறை வயல் வரப்புகளில் கொடியும் கம்பமுமாக நிலம் அளக்கப் பழகும் சர்வே கேம்ப் நடந்தது. பிறகு கல்லூரி பல்கலைக்கழகம் ஆனது. போர்டு மாறியது, பீரோ மாறவில்லை. எல்லாரும் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட, எங்கள் வகுப்பில் பெஞ்சுக்கு ஒருவர் மிஞ்சினார்கள்.

ஆரம்ப காலத்து ஆசிரியர்களின் பட்டியல் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் அலுவலகத்து சூப்பரின்டென்டென்ட் அம்மா, அசல் சான்றிதழ் பதிவேட்டைத் தூக்கி மேஜையில் வைத்தார். யார் எப்போது கொடுத்தார்கள், எப்போது திரும்ப வாங்கினார்கள் என்று ரெண்டு பத்தி. துறையின் உண்மையான வரலாறு அதில்தான் இருந்தது. கொடுத்த பத்தி நிறைந்திருந்தது. வாங்கிய பத்தியில் பாதி காலி. எச்.ஓ.டி.யின் பெயருக்கு நேரேயும் காலி. ஒரு வரியில், "இறப்பு. மகனிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பதிவேட்டை மூடிவிட்டு என் நோட்டில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "இத்துறைக்கு வந்த ஆசிரியர்கள் விலகிச் செல்வது அரிது." அதில் பொய் ஒன்றுமில்லை.

வரலாற்றை முடித்துக் கொடுத்த அன்றே எச்.ஓ.டி.யிடம் கடிதத்தைக் காட்டினேன். ஒரே ஒரு நாளுக்கு அசல்களை வாங்கித் தாருங்கள், வியாழக்கிழமை திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன் என்றேன். அவர் கடிதத்தை ரெண்டு முறை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"புதன்கிழமையா? அன்னைக்குத்தானே மேடம் கமிட்டி வருது."

"தெரியும் சார்."

"ஆளையும் அசலையும் பக்கத்துல வச்சுத்தான் கணக்கெடுப்பாங்க. டிபார்ட்மென்ட்ல டாக்டரேட் நீங்களும் நானும்தான். ரெண்டு பேர் இல்லைன்னா மூடிருவாங்க. மத்த ஆறு பேர் எங்க போவாங்க, சொல்லுங்க?"

அவர் மிரட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கெஞ்சினார். கையைக் கூப்பவில்லை, அவ்வளவுதான். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

வீட்டில் என் கணவர் கொதித்தார். அவர் திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், யூனியன் பார்த்தவர். "உன்னோட சர்ட்டிபிகேட்டை வச்சுக்க அவங்க யாரு? போலீஸ்ல எழுதிக் கொடு" என்றார்.

"எழுதிக் கொடுத்துட்டு மறுநாள் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு டிபார்ட்மென்ட்டுக்குப் போறது?"

"நீ எதுக்கு மறுபடியும் அங்க போகப்போற?"

ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகலாமா என்று சரிபார்ப்பு நடத்தும் அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டேன். அசல் இல்லாமல் வர வேண்டாம் என்று ஒரு பெண் அலுப்போடு சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

புதன்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்லூரி பஸ்ஸில்தான் ஏறினேன். பத்து மணிக்குக் கருத்தரங்க அறையில் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் கவர். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு என் சான்றிதழ்களை அன்றுதான் பார்த்தேன். கையெட்டும் தூரம். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருந்தாலும் சென்னைக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது.

குழுவில் மதுரைப் பக்கத்துப் பேராசிரியை ஒருவர் இருந்தார். நான் எழுதிய வரலாற்றைப் படித்துவிட்டு, யார் எழுதியது என்று விசாரித்து என்னைப் பார்த்துச் சிரித்தார். என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"டாக்டரேட் முடிச்சு ஆறு வருஷமா இங்கேயே இருக்கீங்க. வேற எங்கயும் போகணும்னு தோணலையாம்மா?"

அந்த அம்மாள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எச்.ஓ.டி. தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும், சொல்லிவிடலாம்.

"தோணலை மேடம். இது எனக்குக் குடும்பம் மாதிரி" என்றேன்.

துறை பிழைத்தது. மத்தியானம் கேசரி கொடுத்தார்கள். எச்.ஓ.டி. தன் தட்டை எடுத்துக்கொண்டு என்னருகில் வந்து உட்கார்ந்தார். குழு போகும்போது நிர்வாகத்துக்கு ஒரே ஒரு குறைதான் எழுதிக் கொடுத்தது: அசல் சான்றிதழ்களை ஆசிரியர்களிடமே விட வேண்டும்.

மறுநாள் சூப்பரின்டென்டென்ட் அம்மா கூப்பிட்டனுப்பினார். என் கவர் அவர் மேஜை மேல் இருந்தது.

"கேக்கிறவங்களுக்குக் கொடுத்துடச் சொல்லிட்டாங்க மேடம். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிறீங்களா, உள்ளயே இருக்கட்டுமா?"

பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். பேனாவையும் கொடுத்தார். கவரைக் கையில் எடுத்தேன். எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் என் கணவர் அடுத்து எங்கே விண்ணப்பிக்கப் போகிறாய் என்று கேட்பார். எச்.ஓ.டி. என்னைப் பார்க்கும் பார்வை மாறும். இனிமேல் நான் இங்கே இருப்பதற்கு என்னைத் தவிர வேறு காரணம் இருக்காது.

"உள்ளயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. எழுந்து போய்க் கவரை உள்ளே வைத்து பீரோவைப் பூட்டினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.