அம்பாசிடருக்கு அலாய் சக்கரம்

என்னிடம் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர் இருக்கிறது. நான்கு பக்கமும் அகலமான அலாய் சக்கரம், அடியில் ஒரு வேனின் பின் ஆக்சில், நடுவில் வேறொரு வண்டியின் ஐந்து கியர் பாக்ஸ். பானெட்டும் கதவும்தான் இன்னும் அம்பாசிடர். பார்க்கிறவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பெட்ரோல் பங்கில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. ஒரு வண்டி எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று வரிசையாக எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டர். குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவிக்கு உடன்பிறந்தது ஒரே ஒரு தங்கை, தேவதானத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தங்கையின் புருசன், அதாவது என் சகலை, தென்னந்தோப்பும் டிராக்டரும் வைத்திருப்பவர். வாயும் கொஞ்சம் அதிகம். எனக்கு முன்கோபம். இந்த இரண்டும் ஒரே பந்தலில் சந்தித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று நாங்கள் காரில் கிளம்பினோம். சேத்தூர் கண்மாய்க்கரையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் மொண்டு மொண்டு ஊற்றி, ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சகலை பந்தலில் நின்று எல்லாரும் கேட்கும்படி, "வாங்க சகலை, டிராக்டர அனுப்பிக் கட்டி இழுத்துட்டு வரச் சொல்லலாம்னு இருந்தேன். பேசாம வண்டிய நம்ம தோப்புல விட்ருங்க, கோழி அடைக்க ஆகும்" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் என்னை உசுப்பிவிட்டது.

"இனிமே ஒங்க வீட்ல நான் கை நனைச்சா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, இலையில் உட்காரப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவன் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால், சொன்னவனே பெண்டாட்டியோடு போய் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது தீரும். பெண்டாட்டி மட்டும் தனியாகப் போனால் கணக்கில் வராது. புருசன் விரட்டிவிட்டான் போல என்று புதுக்கதை கட்டுவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் முந்திக்கொண்டு வருவதும் வழக்கமில்லை. ஆகவே இரண்டு வீடும் அப்படியே உறைந்து நின்றன. அக்கா தங்கை போனில்கூடப் பேசிக்கொள்ளவில்லை. "போன்ல பேசுனா ரெண்டு பேரும் அழுதுட்டு வச்சிருவோம். நேர்ல போயித்தான் பேசணும்" என்பாள் என் மனைவி. இப்படியே ஐந்து வருசம் போய்விட்டது. ஒரு கோழிப் பேச்சுக்கு ஐந்து வருசம்.

போன தைப் பொங்கல் முடிந்த வாரம் அவள் கேட்டாள்.

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா? நீங்க ஒரு வாய் சாப்ட்டாப் போதும். பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

நான் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கும் அது போதும் போதும் என்றாகியிருந்தது. உடனே அவள், "ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ல போயிட்டு சாயங்காலம் திரும்பிருவோம்" என்றாள்.

"பஸ்லயா? அந்த ஆளு முன்னால நான் டவுன் பஸ்ல இருந்து எறங்கணுமா? கார்லதான் போறோம். நாலு வீலயும் மாத்திருதேன். ஒரு வாரம்."

நாலு வீல், ஒரு வாரம். நான் சொன்னது அவ்வளவுதான். அவளும் நம்பி, மறு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தங்கை வீட்டுக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கி வைத்தாள்.

மதுரையில் பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒரு செட் அலாய் சக்கரம் கிடைத்தது. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். சக்கரத்தைக் கொண்டு போய் அவரிடம் இறக்கினேன். மாட்டிச் சுற்றிப் பார்த்தால் பின்பக்கம் டயர் உள்ளே அதிகமாகப் போய் இலை ஸ்பிரிங்கில் உரசியது. பாய் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இடையில வட்டத் தகடு வச்சு வெளிய தள்ளலாம். ஆனா நம்பி ஓட்ட முடியாது. பழைய வீலயே மாட்டிருவோமா?" என்று கேட்டார். அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் இதில் எழுத ஒன்றும் இல்லை.

அகலம் கூடுதலான ஒரு பழைய வேனின் ஆக்சிலைத் தேடிப் பிடித்தோம். அந்த வாரம் பால்கோவாவை நாங்களே சாப்பிட்டோம்.

ஆக்சில் மாறியதும் கியர் பாக்ஸில் இருந்து பின்னால் வரும் ஷாப்ட் நீளம் பத்தவில்லை. லேத்தில் கொடுத்து வெட்டி ஒட்டி, சுற்றும்போது ஆடாமல் எடை சரி பார்த்து வாங்க மூன்று வாரம். மாட்டி ஓட்டினால், வேனின் பல்சக்கரம் பாரம் இழுப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஐம்பதைத் தொடுவதற்குள் என்ஜின் அலறியது. அலறல் போக வேண்டும் என்றால் ஐந்தாவது கியர் வேண்டும். ஐந்து கியர் பாக்ஸ் கிடைத்தது. ஆனால் அதன் கம்பி தரையில் இருந்து மேலே வரும். அம்பாசிடரின் கியரோ ஸ்டீயரிங்குக்குக் கீழே இருப்பது. ஆகவே தரையைக் கேஸ் வைத்து வெட்டினோம். தரையை வெட்டியதால் மூன்று பேர் சேர்ந்து உட்காரும் முன் சீட்டு போனது. ஒன்றைத் தொட்டால் அது அடுத்ததைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே போனது.

மில்லில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு மிஷினைப் பிரித்துவிட்டால், சந்தேகமான எதையும் உள்ளே வைத்து மூடக் கூடாது. நூல் அறுந்தால் ஷிப்டே நின்றுவிடும். அந்தப் புத்தியோடு நான் காரைப் பிரித்துப் போட்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒர்க்ஷாப்பில் போய் நிற்பேன். வீடு திரும்பியதும் அவள் தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னும் எம்புட்டு நாளு ஆகும்?"

"பிரேக் டிரம் ஒண்ணுதான் பாக்கி."

"போன வாரமும் ஒண்ணுதான பாக்கின்னீய. வண்டிக்குத்தான் கல்யாணம் போல இருக்கு. நகை எடுக்க மாதிரி ஒண்ணொண்ணா எடுக்கீய."

அவள் கேலிதான் செய்வாள், சண்டை போட மாட்டாள். இரண்டாவது தடவையும் பால்கோவா வாங்கினாள். அது பக்கத்து வீடுகளுக்குப் போனது. மூன்றாவது தடவை வாங்கவில்லை. வைகாசியில் ஒரு நாள், "பஸ்ல போனாத்தான் என்னவாம்? கால் வச்சு ஏறித்தான் எறங்கப் போறோம்" என்றாள். நான் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். சகலை வாசலில் நின்று என் காரைப் பார்த்து வாயடைத்துப் போவதை நான் அதற்குள் நூறு தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அந்தப் படத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று ஒரு தடவைகூடக் கவனித்தது கிடையாது.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் மில்லில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினாள். அடுப்படியில் உட்கார்ந்த என் மனைவி எழுந்திருக்கவில்லை என்றாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். வீட்டில் கார் நின்றிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். வீட்டிலேயே முடிந்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அதுமட்டும் என் தலையில் இல்லை. கார் அப்போது கியர் பாக்ஸ் இல்லாமல் நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது.

தங்கையும் சகலையும் வந்தார்கள். பஸ்ஸில் வந்தார்களாம், ராஜபாளையத்தில் இறங்கி மாறி. தங்கை அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சகலை வெளியே நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன்; வந்தவர்களும் காத்திருந்த மாதிரி இருந்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் மில்லுக்குப் போக ஆரம்பித்தேன். கை பழக்கத்தில் வேலை செய்தது. சோறு சாப்பிட்டேனா இல்லையா என்று டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நாற்பது நாளைக்கு மேல் ஆன பிறகு பாய் கூப்பிட்டார். "அண்ணாச்சி, கேக்கவே சங்கட்டமா இருக்கு. வண்டி அப்படியே நிக்கி. என்ன செய்ய?" முடித்துவிடுங்கள் என்றேன். ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. பிரித்த மிஷினை மூடித்தானே ஆக வேண்டும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி தயார் என்று பாய் சொல்லி அனுப்ப, போனேன். பாய் துடைத்து நிறுத்தியிருந்தார். "அப்படியே சேத்தூர் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. பின்னால ஏதும் சத்தம் கேட்டா சொல்லுங்க, பாத்துருவோம்" என்றார். ஓட்டினேன். முன்பெல்லாம் அறுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் கையோடு சேர்ந்து உதறும். இப்போது எண்பதில் போனாலும் தெரியவில்லை. ஐந்தாவது கியரில் போட்டதும் என்ஜின் இருக்கிற இடமே தெரியாமல் ஓடியது. அருமையான வேலை. பாய் கைக்கு மோதிரம் போடலாம். நான் சத்தம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே சேத்தூரைத் தாண்டிவிட்டேன். திருப்பியிருக்க வேண்டும். திருப்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் போனேன். கொஞ்ச தூரம்தான் இருந்தது.

தேவதானத்தில் அந்த வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி பார்த்தேன். கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சகலை தோப்பில் இருந்து வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தயங்கினார். பிறகு காரைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குந்த வைத்து உட்கார்ந்து, சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அலாயா சகலை? அம்பாசிடருக்கா? அடேயப்பா, என்னமா நிக்கி!"

இதைக் கேட்கத்தான் இத்தனை பாடு. மனதுக்குள் ஏதாவது அசைகிறதா என்று செத்த நேரம் நின்று பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அவர் என் கையைப் பிடித்து, "அன்னைக்கு நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் சகலை" என்றார். தெரியும் என்றேன். உண்மையிலேயே தெரியும். அன்றைக்கே தெரியும்.

தங்கை உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். சோறு, பருப்பு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டேன். இரண்டாவது தடவை போட வந்ததையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சகலை மோர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் காரைப் பார்க்க வெளியே போனார். அவள் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முகச்சாயல் அக்காதான்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா? மறைக்காம சொல்லணும்."

"கேளும்மா."

"அக்கா எப்பவாச்சும் இங்க வரணும்னு சொல்லியிருக்காளா? இல்ல, கடைசி வரைக்கும் எங்க மேல வருத்தமாத்தான் இருந்தாளா? எனக்கு ராத்திரிப் பகலா இதே நெனப்பாத்தான் இருக்கு."

வருத்தம்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போயிருக்கலாம். என்னை அங்கே யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அக்காவின் மேல் மனத்தாங்கலோடு மீதிக் காலத்தை ஓட்டியிருப்பாள்.

"தையில இருந்து வாராவாரம் கேட்டா. ஒனக்குன்னு பால்கோவாகூட வாங்கி வச்சா. பஸ்லயே போவோம்னா. நான்தான் வண்டி வேலை முடியட்டும்னு சொல்லிட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வாசல் பக்கம் திரும்பி, வெயிலில் நின்ற காரையும், அதன் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்த புருசனையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுக்கா அத்தான்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.