சேலாவின் அம்மாவுக்கு ஒரு புயல் எச்சரிக்கை

வானிலை சொல்லிப் பிழைக்கிறவனை ஒருத்தரும் முழுசாய் நம்பமாட்டினம்; இந்தத் தொழிலில மாட்டுப்பட்ட உங்களுக்கு அந்தக் கொதி விளங்கும். நான் மெல்பேர்னில இருந்து, பசிபிக் தீவு நாடுகளின்ர வானிலை ஆக்களோட சேர்ந்து புயல் பாக்கிறனான்.

பிறந்தநாள்

புயல் ஒண்டு உருவாகுது எண்டால் எனக்குச் சோறு தண்ணி இறங்காது. இங்க மெல்பேர்ன் புறநகர் கிரான்பர்னில ஒரு வீட்டுக்குப் போன இடத்தில, "கடல் சூடேறிட்டுது, முகில் சுத்தத் தொடங்கிட்டுது!" எண்டு கையை ஆட்டி ஆட்டி விளக்கினன். அந்த வீட்டு அன்ரி என்ர தட்டில இன்னொரு வடையை வைச்சுப்போட்டுக் கேட்டா:

"அது கிடக்கட்டும் தம்பி, சனிக்கிழமை எங்கட பேத்தின்ர பேர்த்டேக்கு மழை வருமோ?"

ஊரே கேட்டது

அந்தப் புயல் ஒரு குட்டித் தீவைப் பாத்துத் திரும்பிச்சுது. அங்கத்தைய வானிலை அலுவலகத்தில இருக்கிறவ சேலா. நியூசிலாந்துக்காரர், பிஜிக்காரர், நாங்கள் எல்லாரும் வீடியோவில. எல்லாற்ற கணக்கும் ஒரே பாதையைக் காட்டினவுடன நான் கதிரையால துள்ளி எழும்பிட்டன். எச்சரிக்கை அந்தத் தீவு நாட்டின்ர பேரிலதான் போகவேணும். சேலாவே ரேடியோவில வாசிச்சா. சனம் மேட்டுப்பக்கம் ஏறத் தொடங்கிச்சுது.

"கெட்டிக்காரி!" எண்டு கத்தினன். அவவின்ர முகம் செத்துப்போய் இருந்தது.

"முழுத் தீவும் நான் சொன்னதைக் கேட்டிட்டுது. கடற்கரை வீட்டில இருக்கிற என்ர அம்மா மட்டும், 'உனக்கென்னடி தெரியும்' எண்டு வெளிக்கிடமாட்டன் எண்டு நிக்கிறா."

ஒரு போன் கோல்

அலை அந்த வீட்டுக்குள்ள வரும் எண்டு எங்கட கணக்கே சொல்லுது! சேலாவிட்ட நம்பரை வாங்கிக் கோல் எடுத்தன். "அம்மா, நான் மெல்பேர்னில இருந்து கதைக்கிறன்" எண்டு இங்கிலீஷில தொடங்கினவுடன மனிசி கேட்டா, "சாப்பிட்டியா?"

"நீங்கள் வெளிக்கிட்டால்தான் அம்மா சாப்பிடுவன்!" பக்கத்தில பன்றி ஒண்டு கத்துற சத்தம். "அதையும் கூட்டிக்கொண்டு போங்கோ, கையெடுத்துக் கும்பிடுறன்!" சேலா சொன்னதுக்கு மேல நான் ஒரு விஷயமும் புதுசாய்ச் சொல்லேல்ல. மனிசி வெளிக்கிட்டிட்டா!

அலை வந்து அந்த வீட்டில பாதியை அடிச்சுக்கொண்டுபோட்டுது. பள்ளிக்கூட மண்டபத்தில இருந்த மனிசிக்கு ஒரு கீறலும் இல்லை. புயலில அறுந்த வீடியோ லைன் திரும்பி வந்து அவவைக் கண்டவுடன சந்தோசத்தில அழுதிட்டன். பக்கத்தில சேலா, அம்மாவை முறைச்சபடி. மனிசி என்னைப் பாத்துச் சிரிச்சுச் சொன்னா:

"எவ்வளவு விஷயம் தெரிஞ்ச பிள்ளை! இவளுக்கும் கொஞ்சம் வானிலை சொல்லிக்குடு."

சர்வதேச ஒத்துழைப்பு எண்டு மாநாடு மாநாடாய்ப் பேசுறதெல்லாம் வேறொண்டுமில்லை, சொந்த வீட்டில எடுபடாத பேச்சை அடுத்த வீட்டில போய்ச் சொல்லுறதுதான்.