அத்தைக்குக் குறைத்த அரை மார்க்

அப்பாவின் கடைசித் தங்கை கொரிய மொழி படிக்க ஆரம்பித்தபோது எங்கள் வீடு முழுக்கச் சீட்டு ஒட்டிக் கிடந்தது. கடத்தூர்ப் பக்கத்தில் அரிசி ட்ரம்முக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் கொரியப் பெயர் எழுதி வைத்த வீடு அநேகமாக எங்களுடையது மட்டும்தான்.

அத்தை கல்லூரி முடித்து வீட்டில் இருந்தாள். சென்னைப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்க்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, செல்போனைப் பார்த்தே படித்தாள். அப்பாவோ அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முந்துமா, மாப்பிள்ளை முந்துவாரா என்பதுதான் வீட்டில் பேச்சு.

நாலாம் வகுப்பு படித்த எனக்கு, அத்தைக்குப் பரீட்சை வைக்கும் உத்தியோகம் கிடைத்தது. அதுவரை எல்லோரும் என்னைத்தான் கேள்வி கேட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குடத்துக்கும் ட்ரம்முக்கும் சீட்டு ஒட்டியாயிற்று. ‘காதா’ என்ற சொல்லை எதில் ஒட்டுவது? காதா என்றால் போவது. யோசித்து யோசித்து அப்பாவின் வண்டி முன்னால் ஒட்டினேன். வீட்டில் அதிகம் வெளியே போவது அதுதானே! சந்தையில் யாரோ, “என்னங்க, புதுக் கட்சியா?” என்று கேட்டார்களாம். அப்பா வந்ததும் முதல் வேலையாகக் கிழித்துப் போட்டார்.

வேறு வழியில்லாமல் அத்தை வாசற்படி தாண்டும்போதெல்லாம் “காயோ, காயோ” என்று சொல்லிப் பழகினாள். நான் அர்த்தம் கேட்பேன். “போறேன், போறேன்” என்பாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

“விளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு புள்ள இது? போறேன்னு சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு.”

கொரியாவில் இதற்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அத்தை செல்போனில் தேடினாள்.

“காத்தா ஓல்கெயோ. போயிட்டு வரேன்னு அர்த்தம். அவங்களும் இப்படித்தான் சொல்றாங்க அண்ணி!”

“அப்பறம் என்ன, நம்ம சனந்தான்” என்றாள் அம்மா. கடல் தாண்டி இருப்பவர்களுக்கு அம்மாவின் சட்டம் எப்படித் தெரிந்தது என்ற ஆச்சரியம் எனக்கு அடங்கவே இல்லை. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அதையே சொன்னேன்.

வேலைதான் முந்தியது. பின்னாலேயே மாப்பிள்ளையும் அமைந்துவிட்டார். “சரி, போயி கொஞ்ச நாள் இருந்துட்டு வா. தையில கல்யாணம் வெச்சுக்கலாம்னு மாப்ள வூட்டுல சொல்றாங்க” என்றார் அப்பா. அத்தை தலை நிமிராமல் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து, “காயோ” என்றாள்.

“என்னடி சொல்றா?” என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

“போயிட்டு வரேன்னு சொல்றாங்கம்மா. பாதியை மறந்துட்டாங்க” என்றேன். “அத்தை, ஓல்கெயோவை விட்டுட்டீங்க!” என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. திருத்திச் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது என்று நினைத்தேன்.

தை வந்தது, அத்தை வரவில்லை. பிறகு கொரியாவுக்கே போய்விட்டாள். அப்பா அவள் பேச்சையே எடுப்பதில்லை. நான் மட்டும், இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் கடைசிப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாளே என்று வெகுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.