தாளி என்றால் தாலி அல்ல

கல்யாண மேடையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தவறு நடக்குமா என்பது கேள்வியே இல்லை. அதை யார் வேண்டுமென்றே செய்தார்கள் என்று இரண்டு வீட்டாரும் தேடத் தொடங்குவதற்குள் சரிசெய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. இந்தப் பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு கல்யாணம். பெண் ஹனூர்த் தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளை உள்ளூர்க் கன்னடக் குடும்பம். ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து, தாங்களே முடிவு செய்துகொண்டவர்கள். பையனின் அம்மா அரைமனதாகத்தான் சம்மதித்திருந்தார். எங்காவது ஒரு குறை கிடைக்காதா என்பதுபோல் அவர் கண் மண்டபத்தைச் சுற்றியது.

உதிர்ந்த எழுத்து

வாசலில் மணமக்கள் பெயரைத் தெர்மாகோல் எழுத்தில் ஒட்டியிருந்தோம். காலையில் பார்த்தால் 'ரமேஷ்' என்பதில் முதல் எழுத்து விழுந்து மேஷ ராசிக்குப் பாதி வழியில் 'மேஷ்' என்று நின்றது. பெண் பெயரில் மட்டும் ஒரு புள்ளிகூட உதிரவில்லை. அது எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

எழுத்துக்கு ஒன்று உபரியாக வெட்டிவைப்பது என் வழக்கம். எடுத்து ஒட்டிவிட்டுத் திரும்பினேன். பின்னால் பையனின் தாய்மாமா. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "வெட்டுறதுக்கு முன்னாடியே ஆடுன்னு எழுதிட்டீங்களே ஸ்வாமி" என்றார்.

ஒரு சொல், இரண்டு காது

முகூர்த்தம் நெருங்கியது. தாலியைத் தட்டில் வைத்து ஆசி வாங்கச் சபைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். தாய்மாமாவைக் காணவில்லை. எழுத்தை யாரும் பிடுங்கிவிடக் கூடாதென்று வாசலில் காவல் நின்றாராம். தன் அண்ணன் இல்லாததைக் கண்ட பையனின் அம்மா, கையை உயர்த்தி, "தாளி, தாளி" என்றார். கன்னடத்தில் 'பொறுங்கள்' என்று அர்த்தம்.

தவில்காரர் ஹனூர்த் தமிழர். கெட்டிமேளம் முழங்கிவிட்டது. வீடியோ விளக்கு எரிந்தது, அட்சதை பறந்தது. மாப்பிள்ளை வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். தாலி பின்வரிசையில் ஒரு பெரியவர் மடிக்கருகே இருந்தது.

மாமா ஓடிவந்து பெண் வீட்டாரைப் பார்த்துக் கத்தினார். "நான் இல்லாத நேரமாப் பாத்து அடிக்கச் சொன்னீங்களா? எதை மறைக்க இந்த அவசரம்?" பையனின் அம்மா மணையருகிலிருந்து நகர்ந்து நின்றுகொண்டார். பெண்ணின் அப்பா என் சட்டையைப் பிடித்து, "கல்யாணம் நின்னுபோயிருமுங்களா?" என்றார். தவில்காரரை முறைத்தேன். "அந்தம்மாதானுங்களே கையத் தூக்கித் தாலின்னாங்க" என்றார், மேடைக்கே கேட்கும்படி.

நாலாவது தட்டு

மைக்கைப் பிடித்து விளக்கம் சொல்லலாம்தான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. மேலும், விளக்கம் சொல்லச் சொல்லச் சந்தேகம் வளரும், பலமுறை பார்த்திருக்கிறேன்.

அட்சதை எத்தனை தட்டு என்று கேட்டால் மூன்று என்பேன். நாலாவதைப் பூக்கூடைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பேன். அதை எடுத்துப்போய்ப் பையனின் அம்மா கையில் கொடுத்தேன். "அம்மா, அண்ணன் வந்தாச்சு. இனி நீங்க சொன்னாத்தான் மேளம், நீங்க போட்டப்புறம்தான் மத்தவங்க அட்சதை" என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னேன்.

அவர் தட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார். தலை குனிந்திருந்த அந்தப் பெண்ணின் கண்ணீர் மணையில் சொட்டிக்கொண்டிருந்தது. தாலித்தட்டு மேடைக்குத் திரும்பி வந்தது. அந்த அம்மா அட்சதையை ஒரு பிடி அள்ளிக்கொண்டு தவில்காரரிடம் திரும்பினார்:

"நான் 'ஆகலி'ன்னு சொல்வேன். 'ஆகட்டும்'னு அர்த்தம். உங்க தமிழ்ல அதுக்கு வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

தாலி ஏறியது, சம்பந்திகளும் ஒன்றாகவே சாப்பிட்டார்கள், ஆனால் அன்றிலிருந்து மேடையில் யார் வாயைத் திறந்தாலும் நான் பேசுகிறவரைப் பார்ப்பதில்லை, தவில்காரரின் கையைத்தான் பார்க்கிறேன்.